600 யார்டு குறிக்கு 500 டாலருக்குள் என்ன ஸ்கோப் வாங்கலாம்?

கம்மிங்வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் இருக்கிறேன். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு ஒரு ரைபிள் வாங்கினேன்: ரூகர் அமெரிக்கன் பிரிடேட்டர், 6.5 க்ரீட்மோர் தோட்டாவுக்கானது. வேட்டைக்குப் போகிற ஆள் இல்லை, சைவம் வேறு. காகிதத்தில் ஓட்டை போடுவதோடு சரி.

இப்போது அதன் மேல் உட்கார்ந்திருப்பது 3-9×40 வேட்டை ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.). மூடி போட்ட திருகுகள். பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறிபார்க்கும் குறுக்குக் கம்பி இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவது) 100 யார்டுக்கு நிலையாகச் சரிசெய்தது, மாற்ற முடியாது. 200 யார்டு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் அலபாமா மாநிலத்துத் தாலடேகாவில் சி.எம்.பி. என்ற துப்பாக்கி சுடும் அமைப்பு நடத்துகிற ரேஞ்சில் 600 யார்டு வரிசையில் போய்ப் படுத்தால் கதை வேறு. கம்பியை இலக்குக்கு மேலே எங்கேயோ ஆகாசத்தில் நிறுத்தி, குத்துமதிப்பாகச் சுட வேண்டியிருக்கிறது.

பட்ஜெட் 500 டாலர், ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் ரிங்கும் சேர்த்து. டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று, அதனால் இந்த எண் நீளாது.

பார்த்து வைத்திருப்பவை: வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் டாக்டிகல் 6-24×50, ஆத்லான் ஆர்கோஸ் பி.டி.ஆர். ஜென் 2 6-24×50, ஆர்க்கன் எஸ்.எச்.4 6-24×50. கடையில் ஒருவர், "600-க்குப் போறதா இருந்தா 32 மடங்காவது வேணும்" என்கிறார். அமேசானில் 80 டாலருக்கும் 6-24×50 என்று எழுதியது கிடைக்கிறது. எழுத்து ஒன்றாக இருக்கும்போது விலை மட்டும் ஏன் இப்படி? கோண அளவு எம்.ஓ.ஏ.-வா (100 யார்டில் சுமார் ஒரு இன்ச்), மில்லா (100 யார்டில் 3.6 இன்ச்)? மடங்கை மாற்றும்போது கம்பியும் கூடவே பெரிதாகிச் சிறிதாகும் எஃப்.எஃப்.பி. அவசியமா? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

---

தாலடேகா வழிப்போக்கன் எழுதியது:

நான் பர்மிங்ஹாம் பக்கம். அதே ரேஞ்சுக்குத்தான் போகிறேன், அதனால் அந்த இடத்தை வைத்து ஒன்று மட்டும் சொல்கிறேன்.

தாலடேகாவில் இலக்கு எலக்ட்ரானிக். குண்டு எங்கே பட்டது என்று உங்கள் பக்கத்தில் இருக்கும் திரையிலேயே வந்துவிடுகிறது. காகிதத்தில் விழுந்த ஓட்டையை ஸ்கோப்பில் தேட வேண்டிய வேலையே இல்லை. பலர் 24, 32 மடங்கு கேட்பது அந்த ஓட்டையைப் பார்க்கத்தான். அந்தத் தேவை போய்விட்டால், கறுப்பு வட்டத்தின் நடுவில் கம்பியை நிறுத்தத் தெரிந்தால் போதும்.

அப்புறம் வெயில். ஜூன், ஜூலையில் பத்து மணி தாண்டினால் புல் தரைக்கு மேலே கானல் ஓட ஆரம்பிக்கும். 24-இல் வைத்தால் இலக்கு தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி நெளியும். 12, 14-க்கு இறக்கினால்தான் ஏதோ நிற்கும். என்னிடம் இருப்பதும் நீங்கள் சொன்ன விலை வரிசையில் ஒன்றுதான் (பெயர் வேண்டாம்). 18-க்கு மேல் படம் மங்கும், கண்ணை ஒரு நூல் நகர்த்தினாலும் கறுப்பாகிவிடும். 24 என்று டப்பாவில் எழுதியிருப்பதை நான் பயன்படுத்துவதே அபூர்வம்.

---

ரசமட்டம் எழுதியது:

தம்பி, டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். வேலை பார்த்த காலம் முழுக்க டூல் ரூமில் மைக்ரோமீட்டரும் டயல் கேஜுமாக இருந்தவன். அதனால் என் பார்வை கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்பைத் தொலைநோக்கி என்று நினைத்துத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். நான் அதை அளவுக் கருவி என்றே பார்க்கிறேன். கணக்கைப் பாருங்கள். உங்கள் 6.5-இல் 140 கிரெயின் எடையுள்ள மேட்ச் குண்டு, நொடிக்கு சுமார் 2,700 அடி வேகம், 100 யார்டில் ஜீரோ (அந்தத் தூரத்தில் கம்பி நிற்கும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்தது) என்று வைப்போம். 300 யார்டில் ஏறக்குறைய 1.2 மில் ஏற்ற வேண்டும். 400-இல் 2, 500-இல் 2.8, 600-இல் 3.7. 600 யார்டில் ஒரு மில் என்பது 21.6 இன்ச். ஆக, குண்டு 80 இன்ச் விழுகிறது, ஆறரை அடிக்கு மேல். அந்த ஆறரை அடியை நீங்கள் ஈடுகட்டுவது டரட்டை, அதாவது ஸ்கோப்பின் மேலே உள்ள திருகு குமிழைத் திருகித்தான். திருகிய அளவுக்கு உள்ளே இருப்பது நகரவில்லை என்றால் 32 மடங்கில் பார்த்து என்ன பிரயோஜனம்? தவறிப் போனது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

80 டாலர் கேள்விக்கும் இதுவே பதில். ஸ்கோப்புக்குள்ளே இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. டரட்டின் திருகு அதை ஒரு பக்கத்திலிருந்து தள்ளும். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் அதைத் திருகோடு அழுத்தி வைத்திருக்கும். திருகின் மரையில் ஆட்டம் இருந்தாலோ, ஸ்பிரிங் சோர்ந்து போனாலோ, ஏற்றும்போது ஏறும், இறக்கும்போது முழுசாக இறங்காது. அல்லது இரண்டு கிளிக் திருகும் வரை சும்மா இருந்து, அடுத்த வெடியின் அதிர்ச்சியில் மொத்தமாகக் குதிக்கும். வெளியே உள்ள உருவத்தையும் எழுத்தையும் யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். காசு போகிற இடம் அந்தத் திருகும் ஸ்பிரிங்கும்.

எதை வாங்கினாலும், கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். தோட்டா செலவே இல்லாதது. நான்கு அடி உயரத்துக்கு வெள்ளைச் சார்ட் பேப்பர் எடுத்து ஒரு பலகையில் ஒட்டுங்கள். தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலை ஒட்டி மார்க்கரால் செங்குத்தாக ஒரு கோடு. மேலே ஒரு குறுக்குக்கோடு, அதிலிருந்து சரியாக 36 இன்ச் கீழே இன்னொன்று. இரண்டையும் தடிமனாகப் போடுங்கள், 100 யார்டிலிருந்து தெரிய வேண்டும். தூரத்தை டேப் வைத்து அளங்கள். ரேஞ்சில் "100" என்று பலகை நட்டிருப்பதை நம்பாதீர்கள், நாலைந்து யார்டு தள்ளி நட்டிருக்கிற இடங்கள் உண்டு. நாலு யார்டு பிசகினால் உங்கள் அளவு நாலு சதவீதம் பிசகும், பழி ஸ்கோப் மேல் விழும்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அசையாதபடி வைஸில் பிடியுங்கள். டரட்டை நடுவிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, கம்பியை மேல் கோட்டில் நிறுத்துங்கள். இப்போது "அப்" பக்கம் 10 மில் திருகினால் கம்பி கீழே இறங்கும். (குழல் நிமிர வேண்டும் என்றால் கம்பி தாழ வேண்டும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.) 100 யார்டில் 10 மில் என்பது 36 இன்ச், கம்பி கீழ்க் கோட்டின் மேல் வந்து நிற்க வேண்டும். இறங்கும்போது செங்குத்துக் கோட்டை விட்டு இடமோ வலமோ நழுவுகிறதா என்றும் பாருங்கள். நழுவினால் ஸ்கோப்பை ரிங்கில் சாய்த்து மாட்டியிருக்கிறீர்கள், அல்லது கம்பியே உள்ளே சாய்ந்திருக்கிறது. பிறகு தொடங்கிய எண்ணுக்கே திரும்புங்கள். மேல் கோட்டில் பழைய இடத்திலேயே வந்து நிற்கிறதா? மறுபடி ஏற்றுங்கள், இறக்குங்கள். பக்கவாட்டு டரட்டையும் நாலு மில் திருகி, திரும்பக் கொண்டு வாருங்கள்.

36-க்குப் பதில் முப்பத்தைந்தேகால் இன்ச்தான் இறங்குகிறது என்றால் இரண்டு சதவீதம் குறை. அதனால் 600 யார்டில் வருகிற பிசகு ஒன்றரை இன்ச் சொச்சம். 1000-க்குப் போனால் ஆறு இன்ச். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு சதவீதம் என்றால் நான் அதை ஏற்றுக்கொள்வேன்; குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் ஆப்பில் திருத்த எண்ணைப் போட்டால் தீர்ந்தது. தொடங்கிய இடத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது என்றால் மட்டும் அன்றைக்கே பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். "பழகப் பழகச் சரியாகும்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஸ்பிரிங் பழகாது.

சரி, எதை வாங்குவது. என்னைக் கேட்டால் முதலில் எஸ்.டபிள்யூ.எஃப்.ஏ. எஸ்.எஸ். 10×42. மடங்கு மாறாது, நிலையான 10. கையிருப்பில் கிடைத்தால் சுமார் 300 டாலர். பார்க்கப் பழைய இரும்புக் குழாய் மாதிரிதான் இருக்கும், கம்பியை ஒளிரவைக்கும் விளக்கு கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் மடங்கு மாற்றும் பாகமே இல்லாததால் கெட்டுப்போகிற சாமானும் குறைவு, திருகியது திருகியபடி நகரும் என்று பெயர் எடுத்தது. டரட் ஒரு சுற்றுக்கு 5 மில், உங்கள் 3.7 முதல் சுற்றுக்குள்ளேயே அடங்கிவிடும். 10 மடங்கு போதுமா என்று கேட்பீர்கள். அமெரிக்க மரைன் படையின் எம்40ஏ1 ரைபிளில் பல வருடம் இருந்தது நிலையான 10 மடங்கு உனெர்ட்டில்.

மடங்கு மாறுவதுதான் வேண்டும் என்றால் உங்கள் பட்டியலில் முதல் இரண்டில் எதுவானாலும் சரி. ஆர்கோஸில் விளக்கும் ஜீரோ ஸ்டாப்பும் உண்டு. டயமண்ட்பேக் டாக்டிகலில் விளக்கு இல்லை, ஆனால் கேள்வி கேட்காத வாழ்நாள் வாரண்டி உண்டு. பகலில் காகிதம் சுடுகிறவருக்கு விளக்கு எதற்கு? ஜீரோ ஸ்டாப் மட்டும் உண்மையிலேயே உதவும்: 600 முடித்து 200-க்குத் திரும்பும்போது ஒரு சுற்று தவறாக இறக்கிவிடாமல் காப்பாற்றும். ஆர்க்கன் நல்ல விலைக்கு நிறையக் கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 34 மி.மீ. குழாய், இரண்டு பவுண்டுக்கு மேல் எடை. உங்கள் துப்பாக்கியே ஆறரை பவுண்டுதான். 34 மி.மீ. குழாயினால் கிடைக்கிற அதிகப்படி ஏற்றம் 1000 யார்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு. டயமண்ட்பேக்கின் மொத்த ஏற்றம் 65 எம்.ஓ.ஏ.; நடுவிலிருந்து மேலே 32. உங்களுக்கு 600-க்கு வேண்டியது 13. கூடுதல் ஏற்றம் கிடைக்க, 20 எம்.ஓ.ஏ. சாய்ந்த ரெயில் (ரிங்கை மாட்டும் தண்டு) வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் அதற்கும் இதுவே பதில், இப்போதைக்குத் தேவையில்லை.

மில்லா எம்.ஓ.ஏ.-வா: கம்பியும் டரட்டும் ஒரே கணக்கில் இருந்தால் எதுவானாலும் சரி. மில் கம்பி, எம்.ஓ.ஏ. டரட் என்று கலந்து மலிவாக விற்பதைத் தொடாதீர்கள். வட்ட இலக்கு சுடுகிறவர்கள் பெரும்பாலும் எம்.ஓ.ஏ. பக்கம் சாய்வதற்குக் காரணம் உண்டு. 600 யார்டில் கால் எம்.ஓ.ஏ. கிளிக் ஒன்றரை இன்ச் நகர்த்தும், 0.1 மில் கிளிக் இரண்டு இன்ச்சுக்கு மேல். எஃப்-கிளாஸ் (படுத்து, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப்போடு சுடும் தூரப் போட்டி) இலக்கில் 600 யார்டுக்கான நடு எக்ஸ் வட்டம் மூன்றே இன்ச், அங்கே இந்த வித்தியாசம் தெரியும். பக்கத்தில் படுக்கிற நண்பர்கள் எதில் பேசுகிறார்களோ அதை வாங்கினால் காற்றுக் கணக்கை அவர்களிடம் கேட்டு வாங்க வசதி.

எஃப்.எஃப்.பி. விஷயத்தில் வழிப்போக்கன் சொன்ன கானல்தான் முடிவு செய்யும். 200, 300, 600 என்று தெரிந்த தூரத்தில், டரட்டைத் திருகியே சுடுகிறவருக்கு எஸ்.எஃப்.பி. (எந்த மடங்கிலும் கம்பியின் அளவு மாறாதது) போதும், கம்பியும் மெல்லிசாக இருக்கும். ஆனால் கானலுக்குப் பயந்து 24-இலிருந்து 12-க்கு இறக்கிவிட்டு, காற்றுக்காகக் கம்பியில் உள்ள கோட்டைப் பிடித்துச் சுட்டால், எஸ்.எஃப்.பி.-யில் அந்தக் கோட்டின் மதிப்பு இரண்டு மடங்காகிவிடும். எஃப்.எஃப்.பி.-யில் எந்த மடங்கிலும் ஒன்றேதான். அதனால் மாறும் மடங்கு வாங்கினால் எஃப்.எஃப்.பி. வாங்குங்கள்.

---

சர்ரே தமிழ் எழுதியது:

இங்கிலாந்திலிருந்து. பிஸ்லியில் எஃப்-கிளாஸ் சுடுகிறேன், அங்கே செஞ்சுரி ரேஞ்சில் 600 வரை, ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 1000.

ஐயா சொன்ன திருகுக் கணக்கு எல்லாம் சரி. ஆனால் கண்ணாடியின் தரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்கிவிட்டார். கானல் என்பது தொந்தரவு மட்டும் இல்லை, காற்றை அதில்தான் வாசிக்கிறோம். அலை இடப்பக்கம் ஓடுகிறதா, கொதித்துக்கொண்டு மேலே எழும்புகிறதா, வலப்பக்கம் திரும்பிவிட்டதா என்பதை நல்ல கண்ணாடியில் வடிவாகப் பார்க்கலாம். மலிவுக் கண்ணாடியில் எல்லாம் ஒரே மங்கல். 600 யார்டில் ஏற்றக் கணக்கு ஒரு நாளும் பெரிதாக மாறுவதில்லை. புள்ளியைத் தின்பது காற்றுதான்.

என்னுடைய ஆலோசனை: புதிதாக 400 டாலருக்கு வாங்குவதைவிட, இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்து, பழைய சைட்ரான் எஸ்.3 மாதிரி ஜப்பான் சாமான் ஒன்றைப் பிறர் கையிலிருந்து வாங்கலாம். எஃப்-கிளாஸ்காரர்கள் அடிக்கடி சாமான் மாற்றுகிறவர்கள். நல்ல ஸ்கோப்புகள் அவர்களிடமிருந்து பாதி வாழ்நாளுக்கு முன்னமே வெளியே வரும்.

---

ரசமட்டம் எழுதியது:

காற்றுதான் புள்ளியைத் தின்கிறது என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதைப் பார்க்க ஸ்கோப்தான் வேண்டும் என்பதில்லையே. ஒரு சாதாரண ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (தனியாக நிற்கும் தொலைநோக்கி) பக்கத்தில் வைத்து, இலக்குக்கு முன்னாலேயே போகஸ் செய்தால் கானல் இன்னும் தெளிவாகத் தெரியும். தம்பிக்கு இப்போது இருக்கிற பிரச்சினை கம்பியை ஆகாசத்தில் வைப்பது. அது தீர 3.7 மில் ஒழுங்காக ஏறி இறங்கினால் போதும். பொறுத்திருந்து பெரிதாக வாங்கலாம் என்பது நல்ல யோசனைதான், ஆனால் அந்தக் காத்திருப்பில் ஒரு சீசன் போய்விடும்.

பழைய சாமான் வாங்குவதில் எனக்கும் சம்மதம், ஒரு நிபந்தனையோடு: வாரண்டி ஆளோடு போகிறதா, ஸ்கோப்போடு போகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சில கம்பெனிகள் முதல் சொந்தக்காரருக்கு மட்டும்தான் தருவார்கள்.

---

கோவை ஏர்கன் எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நமக்கு இங்கே லைசென்ஸ் தேவைப்படாத .177 ஏர் ரைபிள்தான், ஸ்பிரிங் மாடல், குழலை மடக்கி ஏற்றுவது. 50 மீட்டரில் சோடா மூடிதான் என் நீண்ட தூரம். பவுடர் துப்பாக்கிக்குத் தாங்கும் என்று சொல்லி விற்ற ஸ்கோப் இதில் மாட்டிய கொஞ்ச நாளில் உள்ளே கம்பி திரும்பிக்கொண்டுவிட்டது. காற்றுத் துப்பாக்கிக்கு அவ்வளவு பலமா? அப்புறம் கம்மிங் நண்பர் டிசம்பரில் ஊருக்கு வருவதாகச் சொன்னார். எனக்கு ஒன்று பெட்டியில் போட்டுக் கொண்டு வர முடியுமா? பணம் முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன்.

---

ரசமட்டம் எழுதியது:

முதல் கேள்விக்கு: பவுடர் துப்பாக்கி பின்பக்கம் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னே எகிறும். இரண்டு பக்க உதை. பின்பக்க உதைக்கு மட்டும் கட்டிய ஸ்கோப்பில் உள்ளே இருக்கிற கண்ணாடிகள் இந்த முன் உதையில்தான் கழன்றுபோகும். "ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு" என்று தயாரித்தவரே எழுதிக் கொடுத்ததை மட்டும் வாங்குங்கள். மவுண்ட்டும் வழுக்கி நகரும், அதற்கு ஒரு பின் உள்ள ஸ்டாப் வேண்டும். பாரலாக்ஸ் 10 யார்டு வரைக்கும் இறங்குவதாக இருக்கட்டும், 100 யார்டில் நிலையாக வைத்ததில் உங்களுக்கு எல்லாமே மங்கலாகத் தெரியும். மடக்குக் குழல் என்பதால் குழல் கொஞ்சம் கீழ்நோக்கித் தொங்குவதும் சகஜம்; டரட் மேலே போய் முட்டி நிற்கிறது என்றால் காரணம் அதுதான், சாய்வான மவுண்ட் போட்டால் சரியாகும்.

இரண்டாவது கேள்விக்கு: வேண்டாம் தம்பி, கேட்கவே கேட்காதீர்கள். ரைபிள் ஸ்கோப் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள சாமான். சூட்கேஸில் வைத்து எடுத்துப் போவதும் ஏற்றுமதி என்றே கணக்கு. உரிமம் இல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். உள்ளூரில் கிடைப்பதையே பாருங்கள்.

---

கம்மிங்வாசி எழுதியது:

கோவை நண்பரே, ஐயா என்னைக் காப்பாற்றிவிட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள். 

எல்லாருக்கும் நன்றி. 10×42 தேடினேன், நான் பார்த்த அன்றைக்குக் கையிருப்பு இல்லை. அதனால் டயமண்ட்பேக் டாக்டிகல், எம்.ஓ.ஏ. கம்பி, எம்.ஓ.ஏ. டரட் என்று ஆர்டர் போட்டுவிட்டேன். என்னோடு வருகிறவர்கள் எல்லாரும் எம்.ஓ.ஏ. பேசுகிறவர்கள். மீதி இருக்கிற நூறு சொச்சத்தில் ரிங் வாங்க வேண்டும். இரண்டு சந்தேகம். ரிங்கை எவ்வளவு இறுக்குவது? கையால் "நல்லா டைட்டாக" என்றுதான் இதுவரை செய்திருக்கிறேன். இன்னொன்று, பக்கத்தில் உள்ள பாரலாக்ஸ் குமிழில் எழுதியிருக்கிற 600-இல் வைத்தால் போதும்தானே?

---

ரசமட்டம் எழுதியது:

நல்ல தேர்வு. ரிங்குக்கு 60, 70 டாலர் போதும். மீதியில் இன்ச்-பவுண்டு காட்டுகிற சின்ன டார்க் டிரைவர் ஒன்று வாங்குங்கள். கையால் இறுக்குகிறவர்கள் எல்லாரும் அளவுக்கு மீறித்தான் இறுக்குகிறார்கள், என் மச்சினன் இறுக்கிய ஸ்கோப்பைக் கழற்றினால் குழாயில் ரிங் அச்சு பதிந்திருக்கும். ரிங் மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு. நாலையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். ரெயிலைப் பிடிக்கிற திருகுக்கு ரிங் கம்பெனி என்ன சொல்கிறதோ அது. மூடித் திருகில் பசை எதுவும் போடாதீர்கள், வழவழப்பில் இன்னும் கூடுதலாக இறுகிவிடும்.

கடைசி இறுக்கலுக்கு முன் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். முற்றத்தில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, துப்பாக்கியின் ரெயில் மேல் ரசமட்டம் வைத்து நேராக்கி, செங்குத்துக் கம்பி நூலோடு ஒட்டி நிற்கும்வரை ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். சுடும்போது துப்பாக்கி மூன்று டிகிரி சாய்ந்தாலே 600 யார்டில் குண்டு நாலு இன்ச் பக்கவாட்டில் போகும். அதை நீங்கள் காற்று என்று நினைத்து டரட்டைத் திருகுவீர்கள். குழாயில் மாட்டுகிற சின்ன ரசமட்டம் 20 டாலருக்குக் கிடைக்கும், பட்ஜெட்டில் இடம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாரலாக்ஸ் குமிழ் எண்ணை நம்ப வேண்டாம். முதலில் கண் பக்கத்து வளையம்: வெளிச்சமான வெறும் வானத்தைப் பார்த்து (சூரியன் பக்கம் அல்ல), பார்த்த மாத்திரத்தில் கம்பி கூர்மையாகத் தெரியும்வரை திருப்புங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பாதீர்கள், கண் தானாகச் சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும். ஒரு நொடி பார், கண்ணை எடு, திருப்பு, மறுபடி பார். அது முடிந்தால் அப்புறம் தொடவே தேவையில்லை. பிறகு ரேஞ்சில் துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, கன்னம் அதில் படாமல், தலையை மட்டும் மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். கம்பி இலக்கின் மேல் நடந்தால் பாரலாக்ஸ் குமிழைக் கொஞ்சம் திருப்புங்கள். நடப்பது நின்ற இடம்தான் உங்கள் 600, அங்கே எண் 450 என்று இருந்தாலும் சரி. ஒரு வெள்ளை டேப்பை ஒட்டிப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் ஒரு தடவை, குளிரில் ஒரு தடவை பாருங்கள், இடம் கொஞ்சம் மாறும்.

---

தாலடேகா வழிப்போக்கன் எழுதியது:

ரிங் உயரத்தையும் பார்த்து வாங்குங்கள். 50 மி.மீ. முன்கண்ணாடிக்கு, அதுவும் பிரிடேட்டரின் ரெயில் மேல், மீடியம் போதும் என்று நினைக்கிறேன், ஆனால் போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்கோப்பின் கண் பக்கத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ரிங் வந்த பெட்டியைத் தூக்கிப் போடுங்கள். தேதி சொன்னால் நானும் வருகிறேன், மணல் மூட்டை என்னிடம் இருக்கிறது.